பொறுமைபுரத்துப் பூசணிக்காய்

எங்கள் ஊருக்குப் பொறுமைபுரம் என்று பெயர் வைத்த வெள்ளைக்கார மிஷனரி, ஊர்க்காரர்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பெயரை முடிவு செய்திருக்க வேண்டும். எங்களிடம் செம்மணல் மேடுமேடாகக் குவிந்த தேரி இருக்கிறது, முருங்கைத் தோட்டம் இருக்கிறது, கடலுக்குப் போகிறவர்களுக்குக்கூடத் தெரிகிற மாதிரி உயரமான கோபுரம் வைத்த கோயில் இருக்கிறது, பொறுமை மட்டும் கிடையாது. பஸ் கொஞ்சம் தாமதித்தால் நடக்கத் தொடங்கிவிடுவோம், எங்கள் பாதிரியாரான ஐயர் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் உட்கார்ந்தபடியே காலால் செருப்பைத் துழாவத் தொடங்கிவிடுவோம், கல்யாணப் பந்தியில் முதல் வரிசை எழுந்திருப்பதற்குள் இரண்டாம் வரிசை அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். அப்படிப்பட்ட ஊர், ஒரு வருஷம் முழுக்க ஒரே ஒரு மஞ்சள் பூசணிக்காயை வெட்டி வெட்டித் தின்றது, முனகிக்கொண்டேயானாலும் தின்றது என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் நம்பமாட்டான். நம்பாவிட்டால் போகட்டும், அவனுக்கும் ஒரு கீற்று கொடுத்தோம், வாங்கித்தான் தின்றான்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அன்றைக்கு யாரும் வெறுங்கையோடு கோயிலுக்கு வரமாட்டோம். விளைந்ததில் நல்லதை, வளர்த்ததில் கொழுத்ததை, ஒன்றும் விளையாதவர்கள் வீட்டு முருங்கையில் ஒடித்த ஒரு கட்டுக் கீரையையாவது கொண்டுவந்து பீடத்துப் படியில் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். இது சந்தை ஏலம் மாதிரி இல்லை. எலுமிச்சம்பழம் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும், முட்டை ஒன்று கோழிப்பண்ணை விலைக்குப் போகும், எடுத்தவரே திரும்ப ஏலத்துக்குக் கொடுப்பார், மச்சான் கேட்டால் மச்சினன் விடமாட்டான், சம்பந்தி கேட்டால் சம்பந்தி விடமாட்டார். கர்த்தருக்கு முன்னால் கொஞ்சம் வீம்பு காட்டிக்கொள்ள நாங்கள் எங்களுக்கே கொடுத்துக்கொண்ட அனுமதி அது. சொன்ன தொகையை அடுத்த பண்டிகைக்குள் கட்டினால் போதும் என்பது வழக்கம்.

எங்கள் ஊர்க்காரர் தேவஇரக்கம் பம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்த காலம் முழுக்க, என்ன வேலை இருந்தாலும் பண்டிகைக்கு ரயிலேறி வந்துவிடுவார். வந்து, ஏலத்தில் இரண்டு பொருளையாவது தூக்கிவிட்டுத்தான் போவார். ஏலம் விடுகிறவர் கோயில்குட்டியார் ஞானாதிக்கம். மணி அடிப்பது, கோயிலைப் பெருக்குவது, ஏலத்தில் கூவுவது மூன்றும் அவர் வேலை. விலை கொஞ்சம் சுணங்கினால் அவர் ஆண்கள் பக்கம் திரும்பி, "பம்பாய் அண்ணாச்சி என்ன சொல்லுதீய?" என்று கேட்பார். தேவஇரக்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து ஒரு தொகை சொல்வார். நாங்கள் கை தட்டுவோம்.

அந்த வருஷம் பம்பாயில் கடை இருந்த கட்டடம் பழசாகி இடிக்கப்பட்டுவிட்டது. புதுக் கடை பிடிக்கக் கையில் காசு இல்லாமல், ஒரு தராசையும் எடைக்கற்களையும் சாக்கில் கட்டிக்கொண்டு தேவஇரக்கம் ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்தது ஓய்வெடுக்க என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், அவரும் அப்படியே நினைக்க விட்டுவிட்டார். ஊரிலும் மழை பொய்த்திருந்தது. அவர் மனைவி நவமணியிடம் இருந்ததெல்லாம் மகள் ஜெமீமாவின் நர்சிங் படிப்புக்குக் கடைசி வருஷப் பீஸ் கட்ட வைத்திருந்த பணம்தான். பண்டிகைக்கு மறுநாள் கல்லூரியில் போய்க் கட்டுவதாக இருந்ததால், அதைத் துணிப்பையில் சுற்றி இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

ஏலத்தில் அந்த மஞ்சள் பூசணி வந்தது. யார் தோட்டத்துக் காய் என்று இன்றுவரை தெரியாது. முருங்கைக்காய்க் கமிஷன் கடை ஆசீர்வாதம் முதலாளி முதலில் ஒரு விலை சொன்னார். ஞானாதிக்கம் வழக்கம்போலத் திரும்பி, "பம்பாய் அண்ணாச்சி என்ன சொல்லுதீய?" என்றார். சபை முழுக்கத் தேவஇரக்கத்தைப் பார்த்தது. ஒன்றுமில்லை என்பது சின்ன வார்த்தைதான், அது அவர் தொண்டைக்குள் வந்து நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து ஒரு தொகை சொன்னார். ஆசீர்வாதம் அதற்கு மேல் சொன்னார். இவர் அதற்கும் மேல் சொன்னார். நாங்கள் விசில் அடிக்காத குறை. கடைசியில் போன விலையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. மூன்று தரம் சொல்லி முடிந்தபோது தேவஇரக்கத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து நவமணி எழுந்தாள். நேராக நடந்து வந்து, இடுப்பிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, இருந்ததை அப்படியே காணிக்கைத் தட்டில் வைத்தாள்.

ஞானாதிக்கத்துக்கே சங்கடமாகிவிட்டது. "மயினி, மெதுவாத் தந்தாப் போதும். அடுத்த பண்டிகை வரைக்கும் டயம் இருக்குல்லா?"

"ஆண்டவர் முன்னால சொன்ன வார்த்தைய நாளைக்குன்னு வைக்க எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள் நவமணி. பூசணியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் ஜெமீமா அழுதாள். தேவஇரக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நவமணிக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு பூசணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கூட்டு வைத்தாள். விஷயம் ஊருக்குள் பரவி, மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற பாக்கியலீலா பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டாள்.

"நவமணியக்கா, ஜெமீமாவ எங்கூட அனுப்பு. மூணு வருஷம் மில்லுல இருந்தா மொத்தமாப் பணம் தாரான். அவ கல்யாணத்துக்கு ஆவும்."

"எம்பிள்ள நர்ஸாத்தான் வருவா."

"பீஸு?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு."

பாக்கியலீலா உத்தரத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தேவஇரக்கத்தைப் பார்த்தாள், மேலே எதுவும் கேட்காமல் ஒரு கிண்ணம் கூட்டைத் தின்றுவிட்டுப் போனாள். உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று வழியில் பார்த்தவர்களிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போன நவமணி, பாதியாக வைத்த பூசணி முழுசாக இருப்பதைப் பார்த்தாள். காம்பு இருந்தது, தோலில் முன்னால் இருந்த சிறு கீறல்கூட அதே இடத்தில் இருந்தது. "சரி" என்றாள். அரிவாள்மணையை இழுத்துப் போட்டு, திரும்ப வெட்டினாள்.

அதற்கு மறுநாளும் அது முழுசாக இருந்தது. ஒரு வாரம் இப்படிப் போன பிறகு, ஏலம் முடிந்த நாளிலிருந்து யாரோடும் பேசாமலிருந்த தேவஇரக்கம் எழுந்து சாக்கை அவிழ்த்துத் தராசை வெளியே எடுத்தார். உத்தரத்தில் தொங்கவிட்டு, ஒரு தட்டில் பூசணியையும் மறு தட்டில் கல்லையும் வைத்தார். தினமும் காலையில் எடை போட்டார். தினமும் ஒரே எடை. "கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கம்பெனிச் சரக்குகூட இப்படி வராது" என்றார். வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான், நவமணிக்கு அதுவே பெரிய அற்புதமாக இருந்தது.

அடுத்த வீட்டுக்கு ஒரு கீற்று போனது. எதிர் வீட்டுக்கு ஒரு கீற்று போனது. வேலை இல்லாத வருஷம் என்பதால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, காலையில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நவமணி வீட்டு வாசலில் வரிசையில் நின்றோம், வழக்கம்போல முன்னால் நிற்பவரை முதுகில் இடித்துக்கொண்டே நின்றோம். எவ்வளவு வெட்டினாலும் அன்றைக்கு வந்த கடைசிக் கிண்ணம் வரைக்கும் இருக்கும், மறுநாள் விடியும்போது முழுசாக உட்கார்ந்திருக்கும். பூசணிக் கூட்டு, பூசணிப் புளிக்குழம்பு, பூசணிப் பச்சடி, பூசணி அடை, பூசணித் தோல் துவையல், பூசணிப் பாயாசம் எல்லாம் வந்தன. அம்மன் கோயில் தெருக்காரர்களும் வந்து, "உங்க சாமி பூசணிக்கா கொஞ்சம் குடு தாயி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் பங்குக்குப் பூசணி மோர்க்குழம்பைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் பிள்ளைகளின் உதடெல்லாம் மஞ்சளாகவே இருந்தது. ஐயர் வானத்திலிருந்து தினமும் இறங்கிய மன்னா என்ற அப்பத்தைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். ஜெபத்தில் அப்பம் என்று வருகிற இடத்தில் பிள்ளைகள் பூசணி என்று முணுமுணுத்து ஓய்வுநாள் பள்ளியில் அடி வாங்கினார்கள்.

சபைக் கமிட்டி கூடியது. கோயிலுக்குப் படைத்த பொருள் என்பதால் பூசணி கோயிலுக்குத்தான் சொந்தம் என்று ஆசீர்வாதம் முதலாளி எழுந்து பேசினார். ஞானாதிக்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு தரம் கூவுனது நான். காசும் தட்டுல விழுந்தாச்சு. இனி எப்படிவே அது கோயிலுக்குச் சொந்தமாவும்?" என்றார். ஒரு கட்சி அந்தப் பக்கம் நின்றது, ஒரு கட்சி இந்தப் பக்கம் நின்றது, நாற்காலி தூக்குகிற அளவுக்குப் போனது. அந்த நேரத்தில் பெண்கள் ஐக்கியத்திலிருந்து கமிட்டிக்காக ஒரு தூக்குவாளி பூசணி அல்வா வந்தது. தின்று முடித்ததும், பூசணி யாருக்குச் சொந்தம் என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்த அடுத்த கூட்டம் இன்னும் நடக்கவில்லை.

உங்களுக்கு இப்போது தோன்றுவது தேவஇரக்கத்துக்கும் தோன்றியது. பல வருஷம் கடை வைத்தவர் இல்லையா. முடியாத சரக்கு வீட்டில் இருக்கிறது, விற்றால் பீஸ் என்ன, கல்லூரியையே வாங்கிவிடலாம். ஒரு காலையில் பூசணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, சந்தைக்குக் கொண்டுபோக எடை போட்டார். தட்டில் கீற்றை வைத்தார், தட்டு இறங்கவில்லை. இன்னும் இரண்டு கீற்று வைத்தார், இறங்கவில்லை. மறு தட்டில் கல்லே இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்த்தார், வெறுந்தட்டும் பூசணி நிறைந்த தட்டும் சமமாக நின்றன. அதே கீற்றை அடுத்த வீட்டுக் கிண்ணத்தில் போட்டால் கனமாக விழுந்தது. எடை நிற்காத சாமானை எந்த வியாபாரி வாங்குவான்? அவர் தராசைக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

அன்றைக்குக் காலை ஜெபத்தில் நவமணி சத்தமாகவே சண்டை போட்டது தெருவுக்கே கேட்டது. "ஆண்டவரே, பூசணிக்கா தந்தீரு, ஸ்தோத்திரம். கோடி ஸ்தோத்திரம். ஆனா காலேஜ்ல பூசணிக்கா வாங்க மாட்டானே ஆண்டவரே! நான் இப்ப என்ன செய்யணும்? சொல்லும். நீரு சொல்லாம நான் எந்திரிக்கப் போறதில்ல." பிறகு எழுந்துவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல சேலை கட்டி, ஜெமீமாவை இழுத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் இருந்த அந்தக் கல்லூரிக்குப் பஸ் ஏறினாள்.

அலுவலகத்தில் இருந்தவர் முழுப் பீஸையும் கட்டாமல் வகுப்பில் உட்கார முடியாது என்றார். நவமணி சரி என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது, அவள் தூக்குவாளியைத் திறந்து பூசணிக் கூட்டைத் தின்றாள், அலுவலகத்தில் இருந்தவருக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றார், பிறகு வாசனைக்கு வாங்கிக்கொண்டார். மாலையில் கதவைப் பூட்ட வந்தபோதும் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, என்னதாம்மா சொல்லுதீங்க?"

"ஒரேயடியாக் கட்ட எங்கிட்ட இல்ல. மாசாமாசம் கட்டுதேன். ஒரு மாசம் தப்புனாலும் எம்பிள்ளைய வெளிய நிறுத்துங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"தப்பாமக் கட்ட முடியுமா?"

"சோத்துக்குச் செலவு இல்ல. முடியும்."

அவர் அந்தப் பதிலைப் புரிந்துகொண்டாரா தெரியாது. பெரியவர்களைக் கேட்டுவிட்டு வந்து, மாதாமாதம் கட்டலாம், ஆனால் கடைசித் தவணை கட்டினால்தான் பரீட்சை எழுத விடுவோம் என்றார். நவமணி எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அப்படித்தான் அந்த வருஷம் ஓடியது. விடிகிறதுக்கு முன்னால் நவமணி முருங்கைத் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போனாள். தேவஇரக்கம் ஒரு வாரம் தயங்கினார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எந்த ஆசீர்வாதத்தோடு ஏலத்தில் மல்லுக்கு நின்றாரோ அதே ஆசீர்வாதத்தின் கமிஷன் கடையில் போய், "முதலாளி, மூட்டை தூக்க ஆள் வேணுமா?" என்று கேட்டார். ஆசீர்வாதம் ஒருமுறை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேணும் என்றார். பம்பாய் அண்ணாச்சி மூட்டை தூக்குகிறார் என்று இரண்டு நாள் பேசினோம், மூன்றாம் நாள் வேறு பேச்சு வந்துவிட்டது. கூலியில் ஒரு ரூபாய்க்குக்கூட அரிசி வாங்கவில்லை, மீன் வாங்கவில்லை, டீக்கடைப் பக்கம் போகவில்லை. சோறே இல்லாமல் வெறும் பூசணியை, காலையிலும் பூசணியை, மத்தியானமும் பூசணியை, விளக்கு வைத்த பிறகும் பூசணியைத் தின்றார்கள். ஊர் மெல்ல மெல்ல அரிசிக்குத் திரும்பிய பிறகும், எங்களுக்குப் பூசணி என்ற பேச்சைக் கேட்டாலே குமட்ட ஆரம்பித்த பிறகும், அவர்கள் தின்றார்கள். தேவஇரக்கம் தட்டைப் பார்த்து, "இன்னைக்கு என்ன கறி?" என்று வேண்டுமென்றே கேட்பார். நவமணி, "ஆட்டுக்கறி" என்பாள். இருவரும் சிரித்துக்கொண்டு தின்றுவிடுவார்கள். ஒரு மாதத் தவணையும் தப்பவில்லை.

அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகை வந்தபோது இன்னும் ஒரே ஒரு தவணை பாக்கி இருந்தது. பரீட்சைக்கான கடைசித் தவணை. பண்டிகைக்கு ஜெமீமா லீவில் வந்திருந்தாள். அன்றைக்குக் காலையில் நவமணி பூசணியை வெட்டவில்லை. கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, புதுத் துணியில் வைத்தாள். தேவஇரக்கத்துக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி, அத மட்டும் கொண்டு போவாத."

"வேற என்ன இருக்கு நம்மகிட்ட? சம்பாதிச்சதெல்லாம் காலேஜ்ல கெடக்கு. இருக்கதுலதான குடுக்கணும்?"

"ஒரு மாசம். இன்னும் ஒரே ஒரு மாசம்ட்டி. அடுத்த வருஷம் பத்துப் பூசணி வைப்போம். இது அவரு நமக்குன்னு குடுத்தது."

"அதனாலதான்" என்றாள் நவமணி.

ஜெமீமா கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்ப பரீட்ச?"

"எழுதுவ."

சொல்லிவிட்டாளே தவிர, தெருவில் இறங்கியதும் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். பூசணியைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அரிசி வாங்க வேண்டும், அரிசி வாங்கினால் தவணை இல்லை, தவணை இல்லாவிட்டால் பிள்ளை பட்ட பாடெல்லாம் கடைசிப் படியில் வந்து விழுந்துவிடும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனபோது இருந்ததைவிடப் பூசணி கனமாக இருந்த மாதிரி இருந்தது. திரும்பிவிடலாமா என்று பாதி வழியில் ஒருதரம் நின்றாள். பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள், பீடத்துப் படியில் கொண்டுபோய் வைத்தாள், பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏலம் தொடங்கியது. சேவல் போனது, தேங்காய்க் குலை போனது, எலுமிச்சை போனது. ஞானாதிக்கம் பூசணியைத் தூக்கினார். சபை முழுக்கப் பேச்சு நின்றது. ஒரு வருஷம் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிய வைத்த காய் அது. யார் என்ன விலை கேட்பது? ஒரு நூறு சொன்னால் நம் பிள்ளைகள் தின்றதற்கு நூறா என்று தோன்றியது, ஆயிரம் சொன்னால் நவமணி குடும்பத்தின் வாயிலிருந்து பிடுங்க ஆயிரமா என்று தோன்றியது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஞானாதிக்கம் கூவிக் கூவிப் பார்த்தார். அவருக்கும் கை வலித்திருக்க வேண்டும். கடைசியில் வேறு வழி தெரியாமல், வாய் பழகிய பழக்கத்தில், ஆண்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"பம்பாய் அண்ணாச்சி என்ன சொல்லுதீய?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். தேவஇரக்கம் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்யவில்லை. மூட்டை தூக்கித் தூக்கி அவர் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"எங்கிட்ட ஒண்ணும் கெடையாது ஞானாதிக்கம்" என்றார். "போன வருசமும் கெடையாது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. எம்பிள்ள பீஸ எடுத்துச் சொல்லிட்டேன். இன்னைக்குச் சொல்லுதேன், எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

சட்டைப் பையைத் துழாவினார். காணிக்கைக்கு வைத்திருந்த ஒரு நாணயம் கையில் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் பார்த்தார்.

"இதுதான் இருக்கு. ஒரு ரூவா."

ஞானாதிக்கம் சபையைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைக்கூட நூறு ரூபாய்க்குக் குறைத்து விட்டுக்கொடுக்காத சபை, சம்பந்தி கேட்டால் சம்பந்தி விடாத சபை, அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ஒரு தரம்" என்றார். யாரும் அசையவில்லை. ஆசீர்வாதம் முதலாளியின் வாய் தன்னால் திறந்தது, ஏலம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பழக்கம், அவரே தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு ஞானாதிக்கம் வேண்டுமென்றே நேரம் எடுத்தார், கூரையைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார். எங்கள் ஊர் பிறந்ததிலிருந்து இல்லாத பொறுமையை மொத்தமாக அந்த ஒரு நேரத்தில் செலவழித்தோம். ஒரு பிள்ளைகூட அழவில்லை.

"மூணு தரம்!"

நவமணி எழுந்து வந்து பூசணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டே நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எங்களுக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் பூசணி முழுசாக இருந்தது. கடைசித் தவணை போய்ச் சேர்ந்தது, ஜெமீமா பரீட்சை எழுதினாள், தேறினாள், தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் ஒரு மூட்டை அரிசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினாள். அதற்கு மறுநாள் காலையில் நவமணி அடுப்படிக்குப் போனபோது, முந்தின நாள் பாதியாக வைத்த பூசணி பாதியாகவே இருந்தது. "சரி" என்றாள். விதைகளை வழித்தெடுத்துக் கழுவி, முறத்தில் போட்டு வெயிலில் வைத்தாள்.

அந்த விதையில் முளைத்த கொடியிலிருந்து வருஷா வருஷம் ஒரு காயைப் பண்டிகைக்குக் கொண்டுவருகிறாள். எங்கள் ஏலம் இன்றைக்கும் பழைய ஏலம்தான், வீம்பும் கைதட்டலும் குறையவில்லை, ஆனால் மஞ்சள் பூசணி வந்ததும் சபை அமைதியாகிவிடும். அந்த வருஷம் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறவர் யாரோ, அவர் எழுந்து ஒரு ரூபாய் என்று சொல்லலாம். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டோம், திரும்பி முகத்தைப் பார்க்கமாட்டோம், வீட்டுக்குப் போன பிறகு அதைப் பற்றிப் பேசவும் மாட்டோம். எங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன வருஷம் பூசணி வந்து, ஞானாதிக்கம் கூவி, சபை அமைதியாகி வெகுநேரம் ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. கமிஷன் கடை மூடிக் கிடப்பதும், லாரிகள் போய்விட்டதும், கடன்காரர்கள் வந்து போவதும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். காத்திருந்தோம். கடைசியில் ஆண்கள் பக்கம் ஒரு நாற்காலி பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது.

"ஒரு ரூவா" என்றார் ஆசீர்வாதம் முதலாளி.

பூசணியைத் தூக்க அவர் குனிவதற்குள் தேவஇரக்கம் எழுந்து போய், தன் தோளில் வைத்து அவர் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் காலையில் அந்த வீட்டு அடுப்படியிலிருந்து பூசணி வேகிற வாசனை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.